நைட்ரஜனும் அசிட்டிலீனும்: பிணைப்புத் தரம் 3 என்றால் போதுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் வேதியியல் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் ஒரு வரியை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்: "பிணைப்புத் தரம் கூடினால் மூலக்கூறு நிலையாக இருக்கும்." பிணைப்புத் தரம் என்பது இரண்டு அணுக்களுக்கு நடுவே எத்தனை பிணைப்பு என்ற கணக்கு. ஒரே அணுக்களுக்குள் ஒப்பிடும்வரை இந்த வரி கைவிடாது. ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களில்) 8 எலக்ட்ரான், அந்தப் பிடியைத் தளர்த்தும் எதிர்ப்பிணைப்பில் 4. கழித்துப் பாதியாக்கினால் தரம் 2, பிணைப்பு நீளம் 121 பிக்கோமீட்டர். எதிர்ப்பிணைப்பிலிருந்து ஒன்றை எடுத்தால் தரம் 2.5, நீளம் 112. ஆக்சிஜனோடு இரண்டு எலக்ட்ரானைச் சேர்த்தால் பெராக்சைடு: தரம் 1, நீளம் 149. தரம் கூடக் கூட நீளம் குறைகிறது; கணக்கும் அளவீடும் ஒத்துப்போகின்றன.

வேறு வேறு மூலக்கூறுகளை எதிரெதிரே நிறுத்தும்போதுதான் சிக்கல். நைட்ரஜனிலும் அசிட்டிலீனிலும் முப்பிணைப்புதான். உடைக்க நைட்ரஜனுக்கு மோலுக்கு 945 கிலோஜூல், அசிட்டிலீனின் கார்பன் முப்பிணைப்புக்குச் சுமார் 839. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் டொங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு மேலே காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும், கரும்புக்கு உரம் போட்டே ஆகவேண்டும். அந்தப் பிணைப்பு அவ்வளவு லேசில் பிரியாது. வெல்டிங் பட்டறையில் இருக்கும் அசிட்டிலீனோ, ஆக்சிஜனே இல்லாமல்கூட, அழுத்தம் கூடினால் வெடித்துச் சிதறும். அதனால்தான் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளை நிரப்பி, அசிட்டோனில் கரைத்து வைக்கிறார்கள்.

காரணத்தை ஒற்றைப் பிணைப்பில் தேடவேண்டும். நைட்ரஜன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பு சுமார் 160 கிலோஜூல்தான். மூன்று சேர்ந்தாலும் 480. முப்பிணைப்பாக இருப்பதே நைட்ரஜனுக்கு லாபம். கார்பனில் கதை தலைகீழ்: ஒற்றைப் பிணைப்பு 347, மூன்று சேர்ந்தால் 1041. முப்பிணைப்பைத் திறந்து ஒற்றைப் பிணைப்புகளாக மாறினால் ஆற்றல் மிச்சம். கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியும்போது அசிட்டிலீன் மோலுக்கு 227 கிலோஜூல் வெளிவிடுகிறது.

ஆகவே எனக்குப் பிணைப்புத் தரம் ஒரு பிணைப்பின் வலிமைக்கான அளவுகோல். மூலக்கூறின் குணத்துக்கு அது மட்டும் சாட்சி ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கும் தரம் 3, வலிமையோ 1072 கிலோஜூல், நைட்ரஜனைவிடக் கூடுதல். அந்தப் பிணைப்பு உடையாமலே, கார்பன் முனையில் பிணைப்பில் சேராமல் உள்ள தனி இரட்டை எலக்ட்ரான்களால் நம் ரத்தத்து ஹீமோகுளோபினின் இரும்பைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கொல்கிறது.