ஆங்கில முன்னிடைச்சொற்கள்: விதி வழியா, தமிழ் வழியா, சொற்சேர்க்கை வழியா?

சென்னையில் ஆங்கிலம் கற்பவர்கள், வினைக்காலங்கள் ஓரளவு பிடிபட்ட பிறகும் இடறி நிற்கும் இடம் பிரெபோசிஷன் எனப்படும் முன்னிடைச்சொற்கள்தாம். இவற்றைக் கற்பதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: விதிகளைப் படித்துக் கோடிட்ட இடங்களை நிரப்புவது, தமிழ் வேற்றுமை உருபுகளோடு பொருத்திப் படிப்பது, வினையையும் முன்னிடைச்சொல்லையும் பிரிக்காமல் ஒரே சொல்லைப் போல மனத்தில் ஏற்றுவது. எது சிறந்தது என்ற கேள்விக்கு, எந்த முன்னிடைச்சொல்லைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் ஆயத்தம் செய்யும் பயிற்சி மையங்கள் விரும்புவது முதல் வழியை. காலத்தையும் இடத்தையும் குறிக்கும் சொற்களுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’, நாளுக்கு ‘ஆன்’, மணிக்கு ‘அட்’ என்பதை ஒரே அமர்வில் கற்றுவிடலாம். ‘இன் த மார்னிங்’ என்பது கிழமையோடு சேரும்போது ‘ஆன் மண்டே மார்னிங்’ ஆகிவிடும் என்பது போன்ற விலக்குகளும் அதிகமில்லை. இடத்தைப் பொறுத்தவரை, புள்ளியாக நினைத்தால் ‘அட்’, பரப்பாக நினைத்தால் ‘ஆன்’, சூழ்ந்த வெளியாக நினைத்தால் ‘இன்’ என்பது அடிப்படை. மெரினா மணலில் நிற்பவர் ‘ஆன் த பீச்’, அலையில் இறங்கியவர் ‘இன் த சீ’. மாநகரப் பேருந்தில் இருப்பவர் ‘ஆன் த பஸ்’, ஆட்டோவில் இருப்பவர் ‘இன் அன் ஆட்டோ’. எழுந்து நின்று நடமாடக்கூடிய வாகனத்துக்கு ‘ஆன்’ என்று வைத்துக்கொண்டால் ரயிலும் விமானமும் இதில் அடங்கிவிடும். ஸ்கூட்டருக்கும் ‘ஆன்’தான், ஆனால் அதன் மேல் ஏறி அமர்கிறோம் என்ற வேறு காரணத்தால். ஒரு துறையில் திறமை என்றால் ‘குட் அட்’ என்றும் ஆர்வம் என்றால் ‘இன்ட்ரஸ்டட் இன்’ என்றும் ஏன் வர வேண்டும் என்று கேட்டால் மட்டும், விதிப் புத்தகத்திடம் பயனுள்ள பதில் கிடைப்பதில்லை.

இரண்டாவது வழியைப் பல ஆசிரியர்கள் அடியோடு தடுக்கிறார்கள். ‘தமிழில் யோசிக்காதே’ என்ற அந்த அறிவுரை பாதிதான் சரி என்பது என் கருத்து. காலத்தைக் குறிப்பதில் தமிழ் ஆங்கிலத்துக்கு இணையான துல்லியம் உடையது. ‘மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன்’ என்பதில் உள்ள ‘ஆக’ ஆங்கிலத்தில் ‘ஃபார்’. ‘2021 முதல் வேலை பார்க்கிறேன்’ என்பதில் உள்ள ‘முதல்’ ஆங்கிலத்தில் ‘சின்ஸ்’. இந்தியில் இரண்டுக்கும் ‘ஸே’ என்ற ஒரே உருபு வருவதால் அங்கே குழப்பம் இயல்பு. ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று தமிழர் எழுதினால் அந்தப் பழியைத் தாய்மொழியின் மேல் போட முடியாது. அவ்வாறே ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பது ‘பை ஃப்ரைடே’, ‘வெள்ளிக்கிழமை வரை’ என்பது ‘டில் ஃப்ரைடே’. அறிக்கையை வெள்ளிக்குள் அனுப்புவதாகச் சொல்ல வந்தவர் மின்னஞ்சலில் ‘டில்’ என்று எழுதினால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பார் என்ற பொருள் வந்துவிடும். அனுப்புவதற்கு முன் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

இடத்துக்கு வந்தவுடன் இந்த வழி கைவிரித்துவிடுகிறது. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் ‘கண்’, ‘மேல்’, ‘கீழ்’, ‘உள்’, ‘இல்’ என 28 உருபுகளைப் பட்டியலிட்டாலும், இன்றைய அன்றாடப் பேச்சில் பெரும்பாலான வேலையை ‘இல்’ ஒன்றே பார்த்துவிடுகிறது. மேசையில், பெட்டியில், பேருந்து நிறுத்தத்தில் என்ற மூன்றுக்கும் ஆங்கிலம் முறையே ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’ கேட்கிறது. ‘பஸ்ஸில் வந்தேன்’ என்றால் ‘பை’ கேட்கிறது. வினையோடு ஒட்டிய இடங்களிலோ தமிழ் உருபு நேரடியாகப் பிழைக்கே இட்டுச்செல்கிறது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற நினைப்பு ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்றும், ‘சென்னைக்கு வந்து சேர்ந்தேன்’ என்ற நினைப்பு ‘ரீச்டு டு சென்னை’ என்றும், ‘அவரோடு திருமணம்’ என்பது ‘மேரீட் வித்’ என்றும் வந்து விழுகின்றன. முதல் இரண்டிலும் முன்னிடைச்சொல்லே கூடாது; மூன்றாவதில் ‘டு’ வர வேண்டும்.

இத்தகைய இடங்களுக்கு மூன்றாவது வழியைத் தவிர வேறு மருந்து இருப்பதாகத் தெரியவில்லை. ‘டிபெண்ட்’ என்று தனியாகக் கற்காமல் ‘டிபெண்ட் ஆன்’ என்றே கற்பது, ‘சீனியர்’ என்று கற்காமல் ‘சீனியர் டு’ என்றே கற்பது. ‘டிஸ்கஸ்’, ‘ரீச்’, ‘என்டர்’, ‘அவெய்ட்’ போன்று நேராகச் செயப்படுபொருளை ஏற்கும் வினைகளுக்கு, குறிப்பேட்டில் தனிப் பக்கம் ஒதுக்குவது நல்லது. சென்னைக்காரர் ஆங்கிலத்தில் விடுபடும் முன்னிடைச்சொற்களைவிட, தேவையின்றி நுழைபவையே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘லுக்’ என்ற ஒரு வினை, ‘ஆஃப்டர்’ சேர்ந்தால் கவனித்துக்கொள்வதையும் ‘ஃபார்’ சேர்ந்தால் தேடுவதையும் ‘இன்டு’ சேர்ந்தால் விசாரிப்பதையும் குறிக்கிறது. இவற்றை விதியாலும் பிடிக்க முடியாது, உருபாலும் பிடிக்க முடியாது.

இதற்குப் பணச் செலவு இல்லை. கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ அமர்ந்து, ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றில் ஒவ்வொரு வினைக்கும் பின்னால் வரும் முன்னிடைச்சொல்லைக் கோடிட்டு எழுதிக்கொண்டாலே போதும். ஆனால் காலம் பிடிக்கும்; அடுத்த மாதம் தேர்வு எழுதப்போகிறவருக்கு இது உதவாது, அவர் விதிகளையும் பழைய வினாத்தாள்களையும் பிடித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. கைபேசிச் செயலிகள் சரி, தவறு என்று உடனே சொல்லும். காரணம் சொல்வது குறைவு என்பதால் அவற்றைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க நிறுவனங்களுக்காக வேலை செய்பவர்கள் மட்டும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷார் ‘அட் த வீக்கெண்ட்’ என்று சொல்லுமிடத்தில் அமெரிக்கர் ‘ஆன் த வீக்கெண்ட்’ என்கிறார்கள். ‘மண்டே டு ஃப்ரைடே’ அங்கே ‘மண்டே த்ரூ ஃப்ரைடே’ ஆகிறது. பள்ளியில் நாம் கற்றது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு என்பதால், இந்த வேறுபாடுகளைக் குறிப்பேட்டில் தனி வண்ணத்தில் எழுதிவைத்து, ஒரே மின்னஞ்சலில் இரண்டு வழக்குகளும் கலக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.