தோடர் பூத்தையலும் கணினி எம்பிராய்டரியும்

நீலகிரித் தோடர் பெண்கள் ‘புகூர்’ என்று அழைக்கும் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சிவப்பு, கறுப்புக் கோலங்களை இன்று கணினி எம்பிராய்டரி இயந்திரமும் தைத்துவிடுவதால், வாங்குபவர் இரண்டையும் புரட்டிப் பார்த்து ஒப்பிடுவது நல்லது.

புரட்டிப் பார்ப்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. துணியில் கோலத்தை வரைந்துகொள்ளாமல், முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் ஊடு, பாவு இழைகளை எண்ணி எண்ணியே தோடர் பெண்கள் ஊசியைச் செலுத்துகிறார்கள். எண்ணிக்கையில் ஓர் இழை பிசகினாலும் கோலத்தின் ஒழுங்கு குலைந்து, தைத்ததைப் பிரிக்க நேரிடும். திரும்பும் இடங்களில் நூலைச் சற்றுத் தளர விடுவதால் எழும் சிறு மேடுகள் உள்ள பின்புறத்தையே அவர்கள் நேர்ப்பக்கமாகக் கொள்கிறார்கள். தைத்தது எது, நெய்தது எது என்று பார்வைக்கு எளிதில் பிடிபடாது.

இயந்திரமோ மேல்நூலையும், துணிக்கு அடியிலிருந்து வரும் பாபின் நூலையும் பூட்டி, நிமிடத்துக்கு 1000 தையல் அளவுக்கு ஓடும். சீருடைச் சின்னத்துக்கும், ஒரே அச்சில் நூறு பைகள் வேண்டும் என்பவருக்கும் அதுவே சரி. ஆனால் அதன் பின்புறத்தில் பாபின் நூலும், துணிக்குத் தாங்கலாக அடியில் வைத்துத் தைத்தபின் கிழித்த தாளின் மிச்சமும் தெரியும்; அதைப் பார்வைக்கு வைக்க எவரும் துணிவதில்லை.

விலையில் இயந்திர வேலையே மலிவு. எனினும், வாரக்கணக்கில் இழை எண்ணிய போர்வைக்குப் பேரம் பேசுவது எனக்கு முறையாகப் படவில்லை.