பூம்புகாரில் அஸ்தி கரைக்கப் போகிறவர்களுக்கு: பானையை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் அப்பா இந்த மாசியில், சிவராத்திரி அன்று இரவு ஒன்பது மணிக்குத் தவறிவிட்டார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக 31 வருஷம் இருந்தவர். குத்தாலம் பக்கம் காவிரியிலும் வாய்க்கால்களிலும் ஷட்டர் ஏற்றி இறக்குவதுதான் வேலை. ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. சைக்கிள், டார்ச் லைட், ராத்திரி முழுக்க ஆற்றங்கரை. ஜனவரி 28 மேட்டூரை அடைத்த பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவார். "மேலையூர் கதவணையைத் தாண்டின தண்ணிக்கு யாரும் சண்டை போட மாட்டாங்க. அது கடலுக்குப் போற தண்ணி. என்னையும் அங்கேயே கொண்டுபோய் விட்டுடுங்க" என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

அதனால் எங்கே கரைப்பது என்று வீட்டில் பேச்சே எழவில்லை. பூம்புகார்தான், காவிரி கடலில் சேரும் சங்கமத்துறைதான்.

காடாற்று முடிந்து, தம்பி பால் தெளித்து, பாதம் தொடங்கித் தலை வரை எலும்பு பொறுக்கி மண் பானையில் போட்டான். அப்பாவின் பழைய வேட்டியில் நீலக்கரை வந்த துண்டைக் கிழித்து அம்மா பானையின் வாயைக் கட்டினார். இரண்டு முடிச்சு, அதற்கு மேல் ஒரு சுருக்கு. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் கொல்லையில் வேப்பமரக் கிளையில் உறி கட்டித் தொங்கவிட்டோம். அந்த முடிச்சு பின்னால் வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

தகனத்தன்று அமரர் ஊர்தி ஓட்டி வந்தவர் ஒரு போன் நம்பர் கொடுத்தார். "பூம்புகாரில் எல்லாம் இவரே பார்த்துப்பார், நீங்க போய் நின்னா போதும்" என்றார். சாவு வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். நாலு நாள் தூக்கம் இல்லை. யாராவது ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. தம்பி பேசினான். படகு, புரோகிதர், பூஜை சாமான், திரும்பி வந்ததும் சாப்பாடு எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். முன்பணம் 5,000. ஜிபேயில் போட்டோம். அப்பா இறந்த தேதியையும் நேரத்தையும் கேட்டார், சங்கல்பத்துக்கு என்றார். சொன்னோம். காலை ஆறு மணிக்குத் துறையில் நிற்கச் சொன்னார்.

நாங்கள் ஆறாம் நாள் விடிவதற்கு முன்பே கிளம்பி மயிலாடுதுறை வழியாக ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். மாசி மாதம், மேட்டூர் அடைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, ஆற்றில் தேங்கின தண்ணீர்தான் இருந்தது. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து மெல்ல வீசியது. அலையும் பெரிதாக இல்லை. அந்த நேரத்தில் நாங்களே இறங்கிக் கரைத்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு போன் செய்தால் "வந்துக்கிட்டே இருக்கேன்". எட்டரைக்கு "படகுக்காரர் கடலிலிருந்து திரும்பணும்". அந்த ஆள் வந்தது பதினொன்றேகாலுக்கு. கூட வந்த புரோகிதருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

வந்ததும் அந்த ஆளின் முதல் பேச்சு: "அப்பா போனது அவிட்டத்தில். தனிஷ்டா பஞ்சமி. ஆறு மாசம் அடைப்பு. அடைப்பைக் கழிக்காமல் அஸ்தியைக் கடலில் இறக்கினால் வீட்டில் அடுத்தடுத்து விழும்." சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் அந்த வீட்டுக்குச் சில மாதங்கள் தோஷம் என்பார்கள், அதுதான் அடைப்பு. இதை அவர் தம்பியிடமோ என்னிடமோ சொல்லவில்லை. நேராக அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஐந்து நாள் முன்னால் தாலியைக் கழற்றிய பெண்ணிடம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், கை நடுங்கியது. "கேட்டதைக் கொடுத்துடு, பேரப் பிள்ளைகள் இருக்கு" என்றார். 6,000 ரூபாய். நாலு தேங்காய், ஒரு பூசணிக்காய், கொஞ்சம் கறுப்பு எள், ஐந்து நிமிஷ மந்திரம். அவ்வளவுதான் பரிகாரம்.

அப்புறம் படகு. ஆற்றில் தண்ணீர் இல்லாததால் கடலுக்குள் போய்த்தான் கரைக்க வேண்டும், அதுதான் சாஸ்திரம் என்றார். சின்ன ஃபைபர் படகு, உள்ளே வலையும் ஐஸ் பெட்டியும். லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. அம்மாவை ஏறக் கூடாது என்றார், பெண்கள் ஏறினால் ஆகாதாம். அம்மா ஒரு பிடி தன் கையால் விட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர். நான் சண்டை போட்டேன். டீசலுக்கு 1,500 சேர்த்துக் கொடுத்ததும் ஆகாதது ஆகிவிட்டது, ஏற்றிக்கொண்டார்கள்.

அலை உடையும் இடத்தைத் தாண்டி கொஞ்ச தூரம்தான். கரையில் நின்றவர்களின் முகம் தெரியும் தூரம். எஞ்சினை நிறுத்தியதும் படகு பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. அம்மா பானையின் முடிச்சை அவிழ்க்கப் போனார். "அதெல்லாம் நேரமில்லை, காற்று ஏறுது" என்று சொல்லி, அந்த ஆள் அம்மாவின் மடியிலிருந்த பானையை வெடுக்கென்று வாங்கினார். கட்டின துணியோடு, வாயைக்கூடத் திறக்காமல் தூக்கிக் கடலில் போட்டுவிட்டார். எஞ்சின் உடனே ஓடியது. அம்மா நீட்டின கையை மடக்கவே இல்லை.

கரைக்கு வந்தால் சாப்பாடும் இல்லை, அந்த ஆளும் இல்லை. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கணக்குப் பார்த்தால் மொத்தம் 17,000 ரூபாய்.

குளித்துவிட்டு ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். அம்மா திடீரென்று எழுந்து தண்ணீரைப் பார்த்து நடந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்ப் பிடித்தேன். அம்மா கை காட்டின இடத்தில், அலை விட்டுப்போன நுரையில், ஒரு பானை சாய்ந்து கிடந்தது. மேலே நீலக்கரைத் துணி. இரண்டு முடிச்சு, ஒரு சுருக்கு. அம்மா போட்டது போட்டபடி.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

கொஞ்சம் தள்ளி வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பானையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "வாயைக் கட்டின பானை மிதக்கத்தானே செய்யும் தங்கச்சி. உள்ளே காத்து இருக்குல்ல. இப்போ கொண்டல் அடிக்குது, எதைப் போட்டாலும் கரைக்குத்தான் கொண்டாந்து தள்ளும்" என்று அம்மாவிடம் சொன்னார். வெயில் ஏறின பிறகு கடலிலிருந்து கரைக்குக் காற்று திரும்பிவிடும், அஸ்தி கரைக்கிறவர்கள் விடியும் முன் வர வேண்டும் என்றார். இப்போது பானையைத் திறந்தால் சாம்பல் உங்கள் மேலேயே வந்து விழும், நாளைக் காலை வாருங்கள் என்றார்.

அம்மா அந்த இடத்தை விட்டு வர மறுத்துவிட்டார். காரிலேயே இரவைக் கழித்தோம். பானை வெளியே, ஒரு புன்னை மரத்தடியில். தம்பி தூங்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு அந்தப் பெரியவர் வந்தார். ஆறு கடலைத் தொடும் பக்கமாக, மணல் மேட்டின் ஓரம் கூட்டிப்போனார். முழங்கால் அளவு தண்ணீருக்கு மேல் இறங்க விடவில்லை. இந்தக் கடல் காலுக்குக் கீழே மணலை இழுக்கும், துக்கத்தில் வருகிறவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள், இங்கே நிறையப் பேரைக் கொடுத்திருக்கிறோம் என்றார். முடிச்சை அம்மா அவிழ்த்தார். பெரியவர் பானைக்குள் கடல் தண்ணீரை ஊற்றி நனைக்கச் சொன்னார், நனைந்துவிட்டால் சாம்பல் பறக்காது. பானையைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மெல்லச் சாய்க்கச் சொன்னார். எலும்பு அப்படியே கீழே போய்விட்டது. சாம்பல் மட்டும் பால் கலந்த மாதிரி கொஞ்ச நேரம் நின்று, அலை திரும்பும்போது கூடவே போனது. அம்மா இரண்டு பிடி தன் கையால் விட்டார். பானையை தம்பி தலைக்குப் பின்னால் போட்டு உடைத்தான். பெரியவருக்கு 200 ரூபாய் கொடுத்தோம், வாங்கிக்கொண்டு வலைக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் வேலை. படகும் வேண்டாம், நடுக்கடலும் வேண்டாம்.

ஊருக்கு வந்து எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் புரோகிதரிடம் அடைப்பு விஷயத்தைக் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அப்பா தவறின நேரத்தில் திருவோணம். அவிட்டம் பிறந்ததே நடுராத்திரிக்குப் பிறகு. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி இந்த ஐந்துக்குத்தான் ஆறு மாத அடைப்பு, திருவோணத்துக்கு அடைப்பே கிடையாது என்றார். அப்படியே இருந்தாலும் அது உயிர் பிரிந்த வீட்டைப் பொறுத்த விஷயம், அஸ்தி கரைப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னார். இதில் நம்பிக்கை இருக்கிறவர்களும் சரி, இல்லாதவர்களும் சரி, இறந்த நேரத்து நட்சத்திரத்தை வீட்டிலேயே பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கடற்கரையில் முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்கும் நிலைமை வரக் கூடாது. பணம் போனதைவிட, அம்மா அன்றைக்குப் பட்ட பயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போதும் பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் "அன்னிக்குச் சரியாச் செய்யலையோ" என்கிறார்.

அந்த ஆளுக்கு தம்பி போன் செய்தான். "கடல் திருப்பிக் கொடுத்தால் நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்ற பிறகு 4,000 ரூபாய் திரும்ப அனுப்பினார். மீதிக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். கையில் ரசீது என்று எதுவும் இல்லை. ஜிபே பதிவும், 9,500 ரூபாய்க்கு என்னென்ன அடக்கம் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோவும்தான் இருக்கின்றன. அதனால் யாரிடம் பேசினாலும் போனில் பேசி முடிக்காமல் எழுத்திலோ ஆடியோவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, தேவைப்பட்டால் அங்கேயும் போவோம்.

படகைப் பற்றி ஒன்று. மீன்பிடிப் படகு ஆள் ஏற்றிப் போவதற்கான படகு இல்லை. அம்மாவுக்கு 63 வயது, நீச்சல் தெரியாது, அந்தப் படகில் ஏற்ற நானே சண்டை போட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பூம்புகார்தான் என்று இல்லை. வேதாரண்யம் சன்னதிக் கடலிலும் கோடியக்கரையிலும் கரைக்கிறார்கள். மயிலாடுதுறை துலாக்கட்டத்திலும் திருவையாற்றிலும் ஆற்றிலேயே கரைக்கிறவர்கள் உண்டு, அங்கெல்லாம் தண்ணீர் ஓடும் மாதமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே போனாலும் விடிவதற்கு முன் போங்கள். அங்கே உள்ளூர் மீனவர்கள் இருந்தால் எங்கே இறங்கலாம் என்று அவர்களைக் கேளுங்கள்.

நேற்று எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. அதே ஊர்தி வந்தது, அதே நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தம்பி போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தான். நாளை மறுநாள் விடிகாலை மூன்றரைக்கு அவர்கள் கிளம்புகிறார்கள், வழி காட்ட தம்பியும் கூடப் போகிறான்.