முதலில் விளக்கமா, முதலில் சிக்கலா? வயதுவாரியாக ஓர் ஒப்பீடு

சிக்கல் தீர்க்கும் திறனையும் கருத்துப் பரிமாற்றத் திறனையும் இணைத்தே பேசிப் பழகிவிட்டதால், இரண்டையும் ஒரே முறையில், ஒரே வகுப்பில் கற்பித்துவிடலாம் என்ற எண்ணம் பாடத்திட்டம் வகுப்போரிடம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. உண்மையில் இவை வெவ்வேறு வழிகளில் வளர்பவை. சிக்கல் தீர்ப்பதைக் கற்பிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது கற்பவரின் வயதைவிட, அந்தப் பொருளில் அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதே முதன்மையானது. கருத்துப் பரிமாற்றத்திலோ வயதைப் புறக்கணிக்கவே முடியாது.

‘திறன் மேம்பாடு’ என்று தனிப் பாடவேளை ஒதுக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிக்கலைப் புரிந்துகொள், திட்டமிடு, செய்துபார், திரும்பிப்பார் என்று கணிதவியலர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வகுத்த நான்கு படிகளை எந்த வயதினரும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஓரிடத்தில் கற்ற உத்தி இன்னோரிடத்திற்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. கிக், ஹோலியோக் ஆகியோர் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், தீர்வுக்கான உத்தி பொதிந்த கதையொன்றைக் கல்லூரி மாணவர்கள் படித்த பிறகும், அதே உத்தியால் தீரக்கூடிய ஒரு மருத்துவச் சிக்கலில் அதைப் பயன்படுத்தியவர்கள் சிறு பகுதியினரே. ‘அந்தக் கதை உதவும்’ என்று குறிப்புக் கொடுத்ததும் பெரும்பாலோர் தீர்த்துவிட்டார்கள். எனவே மெய்யான போட்டி, பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கும் இரு முறைகளுக்கு இடையில்தான் நடக்கிறது.

முதல் முறை, விளக்கத்தை முதலில் வைப்பது. ஆசிரியர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் படிப்படியாகத் தீர்த்துக் காட்டுகிறார். அடுத்த கணக்கில் கடைசிப் படியை மட்டும் மாணவருக்கு விடுகிறார். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படிகளை. புதிதாகக் கற்பவர் விடையைத் தேடுவதிலேயே தம் கவனத்தையெல்லாம் செலவிட்டுவிடுவதால் முறையைக் கவனிக்க அவரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை என்பதே இம்முறையின் அடிப்படை. தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் பயின்றவர்கள், அதே வகைக் கணக்குகளைப் பின்னர் விரைவாகவும் குறைந்த பிழைகளோடும் செய்ததை ஜான் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் இயற்கணிதப் பாடத்தில் காட்டினார்கள்.

இரண்டாவது முறை, சிக்கலை முதலில் வைப்பது. இந்திய, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆய்வு செய்து மனு கபூர் 2008 முதல் எழுதிவரும் ‘பயனுள்ள தோல்வி’ என்ற கருத்து இதற்கு வலுச் சேர்த்தது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு வீரர் ஐந்து ஆட்டங்களில் 10, 50, 50, 50, 90 என்றும், மற்றவர் 10, 10, 50, 90, 90 என்றும் புள்ளிகள் எடுத்திருக்கிறார்கள், இவர்களில் யாருடைய ஆட்டம் சீரானது என்பதற்கு ஓர் அளவுகோலை உருவாக்குமாறு மாணவர்களிடம் சொல்லுங்கள். சராசரி இருவருக்கும் 50. வீச்சை, அதாவது மிகப்பெரிய எண்ணுக்கும் மிகச்சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால் இருவருக்கும் 80. சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டு கூட்டினால் இருவருக்கும் பூச்சியம். முதல் வீரர்தான் சீரானவர் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கையிலிருக்கும் எந்த அளவுகோலும் அதைச் சொல்ல மறுக்கிறது. இந்த முட்டுச்சந்தில் நிற்கும் மாணவரிடம், எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் திட்ட விலக்கத்தைக் கற்பிக்கும்போது, விலக்கங்களை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்பதைத் தனியே விளக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: தோல்விக்குப் பின் தெளிவான பாடம் வந்தாக வேண்டும். அந்தப் பாதியைக் கைவிட்டு, ‘குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும்’ என்று நிறுத்திக்கொள்வது இம்முறையே ஆகாது.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், மேற்கண்ட கணக்கிலேயே விடை இருக்கிறது. சராசரியும் வீச்சும் தெரிந்த மாணவருக்குத்தான் அந்தத் தோல்வி பயன்படும். தெரியாதவருக்கு அது வெறும் திகைப்பு. தொடக்கப் பள்ளி வயதினரிடம் இம்முறையின் பலன் தென்படவில்லை என்று சின்ஹாவும் கபூரும் பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2021-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் கூறுகிறது. முன்னறிவு இன்னும் திரளாத வயது என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று நான் கருதுகிறேன். மறுபுறம், தொடக்கநிலையினருக்கு உதவும் விரிவான விளக்கம் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தடையாகவே மாறிவிடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969-இலேயே சிக்கலை மையமாக வைத்த பாடத்திட்டத்தில் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே வந்தவர்கள் கல்லூரிக் கல்வியைக் கடந்து வந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு, ‘பெரியவர்களுக்கெல்லாம் சிக்கலே முதலில்’ என்று பொதுமைப்படுத்துவது தவறு. கணினியில் விரிதாளை (ஸ்ப்ரெட்ஷீட்) முதன்முறை திறக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும், பின்னங்களைப் புதிதாகக் கற்கும் சிறுவனுக்கும் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டே ஏற்றது.

கருத்துப் பரிமாற்றத்திற்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 1960-களில் குளுக்ஸ்பெர்க்கும் கிராஸும் செய்த சோதனைகளில், இரு குழந்தைகளுக்கு நடுவே ஒரு திரை இருந்தது. ஒருவர் விவரிக்கும் வினோத வடிவத்தை மற்றவர் தம்மிடமிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மழலையர் பள்ளி வயதினர், தமக்கு மட்டுமே விளங்கும் அடையாளங்களைச் சொன்னார்கள். எதிரே இருந்த குழந்தையால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தாங்கள் சொன்ன விவரிப்பே பின்னர் தங்களுக்குத் திருப்பிச் சொல்லப்பட்டபோது அவர்களுக்குச் சரியாகப் புரிந்தது. அவர்களுக்குச் சொல்வளம் இல்லாமல் இல்லை. கேட்பவர் இடத்தில் நின்று பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. ஆகவே இந்த வயதில் மேடையேற்றிப் பேசவைப்பதைவிட, இதே திரை விளையாட்டை வகுப்பில் நடத்துவது பலமடங்கு மேலானது. தன் சொல் போதவில்லை என்பதைத் தோழியின் தவறான தேர்வே அந்தக் குழந்தைக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

நடுநிலை வகுப்புகளுக்கு, எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாசின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய ‘ஜிக்சா’ முறையையும், எங்கும் வழக்கத்திலிருக்கும் விவாதப் போட்டியையும் ஒப்பிடலாம். ஜிக்சாவில் பாடத்தின் ஒவ்வொரு பகுதியும் குழுவில் ஒருவரிடம் மட்டுமே இருப்பதால், கூச்சப்படும் மாணவரும் பேசியாக வேண்டும், மற்றவர்கள் அவரைக் கேட்டாக வேண்டும். விவாதப் போட்டியில் ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்களே மேலும் பேசுகிறார்கள். எதிராளியின் பேச்சில் ஓட்டையைத் தேடுவதற்காக மட்டுமே காது கொடுக்கும் பழக்கமும் வளர்ந்துவிடுகிறது. பதின்பருவத்தினரிடம் விவாதப் போட்டிக்கு இடமுண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பு சொன்னதை அத்தரப்பினரே ஒப்புக்கொள்ளும் வகையில் திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுப்புக்கு அனுமதி என்ற விதியோடு.

வளர்ந்தவர்களுக்குச் சொந்த அனுபவத்திலிருந்து எழும் உரையாடலே பொருந்தும். பணியிடத்தில் உண்மையாகவே எழுதிய மின்னஞ்சலைத் திருத்தி எழுதவைப்பது, கற்பனைச் சூழலில் நடிக்கவைப்பதைவிட அவர்களைக் கவரும். பயிற்றுநரும் பேச்சைச் சற்றே குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே விடைகள் நீள்கின்றன, தாமாக முன்வந்து பேசுவோர் கூடுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ 1970-களில் பள்ளி வகுப்பறைகளில் கண்டறிந்தார். அவர் கண்டது சிறுவர்களிடம்தான் என்றாலும், பணியிடப் பயிற்சிகளிலும் செலவின்றிச் செய்துபார்க்கக்கூடிய மாற்றம் அது.