டெலிவரி கட்டணமா, கையில் இரண்டு வெள்ளியா?

சிங்கப்பூரில், தேக்காவிலிருந்து பிரியாணி வரவழைக்கும்போது நாலு வெள்ளி (டாலர்) டெலிவரி கட்டணம் கட்டிவிட்டு, "அதுதான் ஓட்டுநருக்குப் போகுதே" என்று டிப்ஸை விட்டுவிடுகிறோம். அது அப்படியே அவர் கைக்குப் போவதில்லை. கூலியைச் செயலி தனியாகக் கணக்கிடுகிறது. இலவச டெலிவரி என்றாலும் ஓட்டும் தூரம் அதேதான்.

ஆகவே என் ஓட்டு டிப்ஸுக்கு. ஆனால் அதை நம்பிப் பிழைப்பது இங்கே கஷ்டம். உணவகத்தில் 10% சேவைக் கட்டணம் கட்டியே பழகிவிட்ட ஊர். 2025 முதல் ஓட்டுநர்களுக்கு வேலைக்காய இழப்பீடு சட்டப்படி உண்டு; 1995 முதல் பிறந்தவர்களுக்குக் கூடுதல் மத்திய சேமநிதியும் (ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டாயம். சரி, அதெல்லாம் பின்னாளுக்கு. போன வாரம் மழையில் சொட்டச் சொட்ட வந்த அண்ணன், முதலில் பையைத் துடைத்தார். இரண்டு வெள்ளியை நீட்டினேன். "மீதியா தம்பி?" என்றார்.