சிம்மக்கல் ரிப்பேர் கடையும் அப்பாவின் ‘ரத்தச் சுத்தி’ப் பெட்டியும்

மதுரை சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் பக்கம் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் ஒரு பழைய டேபிள் ஃபேன் கூண்டு தொங்கும், அதுதான் அடையாளம். “பேரு, நம்பர் எதுவும் போட்ராத தம்பி, அப்புறம் ஊர்ல உள்ள பெட்டியெல்லாம் இங்கதான் வந்து நிக்கும்” என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டதால் அதற்கு மேல் வழி சொல்லவில்லை. மிக்ஸி, எமர்ஜென்சி லைட், பழைய ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பார்ப்பார். நான் கொண்டுபோனது இதில் எதுவும் இல்லை.

அப்பாவுக்கு 72 வயது. மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், திருப்பரங்குன்றத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. போன சித்திரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ‘இலவச முகாம்’ என்று போனவர் 6,500 ரூபாய்க்கு ஒரு பெட்டியோடு திரும்பினார். டிஃபன் பாக்ஸ் அளவில் கறுப்பு பிளாஸ்டிக், மேலே ஒரு சிவப்பு விளக்கு, இரண்டு ஒயர், ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் கைப்பிடி நீளத்தில் ஒரு செம்புக் குழாய். குழாயில் ஈரத்துணியைச் சுற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். 7 நிமிடம் பிடித்து, 20 நிமிடம் விட்டு, மறுபடி 7, மறுபடி 20, மறுபடி 7. ரத்தத்தில் இருக்கிற கிருமியெல்லாம் செத்துவிடுமாம், சர்க்கரை வேரோடு போய்விடுமாம். அப்பா கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு பூஜை மாதிரி செய்தார். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, சரி, கையில் பிடிப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பெட்டிக்குள் 9 வோல்ட் பேட்டரி, அந்தச் சதுர பேட்டரி. அது அடிக்கடி தீர்ந்துபோக, செலவு கட்டுபடியாகவில்லை என்று அப்பா பக்கத்தில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, நேராகக் கரண்டில் மாட்டுகிற மாதிரி மாற்றிக்கொண்டார். கூலி 120 ரூபாய். அதற்கப்புறம்தான் அவருக்குப் பெட்டி மேல் முழு நம்பிக்கையே வந்தது. பேட்டரியில் ஓடியவரை கையில் ஒன்றுமே தெரியவில்லை, இப்போது அவ்வப்போது சுருக்கென்று இழுக்கிறதாம். “இப்பத்தான்டா பவரா வேலை செய்யுது” என்று போனில் சொன்னார். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் சிவப்பு விளக்கு எரியவில்லை. எங்கேயாவது காட்டிச் சரிபண்ணிக் கொண்டுவா என்று அப்பா கொடுத்ததை எடுத்துக்கொண்டுதான் இந்தக் கடைக்குப் போனேன்.

அண்ணன் நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறந்தார். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், “இதை யாரு புடிக்கிறது?” என்று கேட்டார். அப்பா என்றேன். “பெரியவர் செருப்புப் போட்டுக்கிட்டா உக்காருவாரு?” ஆமாம், பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்பு போடுகிறவர், காலில் சர்க்கரைப் புண் வந்துவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து. “அதான் இருக்காரு” என்றார்.

எலக்ட்ரீஷியன் செய்த வேலை இதுதான்: பழைய கொசு பேட் ஒன்றை உடைத்து, அதன் சார்ஜிங் போர்டை எடுத்து, பேட்டரி இருந்த இடத்தில் வைத்து ஒட்டியிருக்கிறார். கொசு பேட்டின் சார்ஜிங் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டைக் கட்டுப்படுத்தி பேட்டரியை சார்ஜ் பண்ணுகிற மலிவான சர்க்யூட் அது. பேட்டில் ஆபத்தில்லை, ஏனென்றால் சார்ஜ் ஆகும்போது உள்ளே இருக்கிற எதையும் நாம் தொடுவதில்லை. இங்கே அதே சர்க்யூட்டின் இன்னொரு முனை அப்பாவின் கையில், ஈரத்துணி சுற்றிய செம்புக் குழாயாக. இரண்டு குழாய்க்கும் நடுவில் வெறும் 9 வோல்ட்தான், மீட்டரில் பார்த்தால் யோக்கியமாகத் தெரியும். ஆனால் குழாய்க்கும் தரைக்கும் நடுவில்?

அண்ணன் போர்டில் பிரிந்து கிடந்த ஒரு சால்டரை ஒட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது. டூ பின் பிளக்கைச் சொருகி, குழாயில் டெஸ்டரை வைத்தார். பளிச். பிளக்கைத் திருப்பிச் சொருகிக் காட்டினார், கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான் வித்தியாசம். டூ பின் பிளக்கை யாரும் பக்கம் பார்த்துச் சொருகுவதில்லை. ஒரு பக்கம் சொருகினால் கெப்பாசிட்டர் ஓரளவு தடுக்கும், இன்னொரு பக்கம் சொருகினால் பேஸ் லைனின் கரண்ட் நடுவில் ஒரு டயோடை மட்டும் தாண்டி நேராகக் கைக்கு வரும். ஈரக் கையில் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும் என்று சொல்லி, அங்கேயே அட்டையில் கணக்குப் போட்டார். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். வீட்டில் ஷாக் அடிக்காமல் காப்பாற்றுவதற்கு வைக்கிற ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிடும். அப்பா வீட்டில் அதுவும் இல்லை. சுருக்கென்று இழுத்தது, செருப்பைத் தாண்டி விரல் தரையில் பட்ட நேரமாக இருக்கும். இடது கை, வலது கை இரண்டிலும் குழாய், நடுவில் நெஞ்சு.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அண்ணன் டீ சொன்னார்.

பெட்டிக்குள் மிச்சம் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு 555 ஐசி, நாலைந்து ரெசிஸ்டர், இரண்டு சின்ன கெப்பாசிட்டர். 555 என்பது 1971-ல் ஹான்ஸ் கேமன்சிண்ட் என்பவர் வடிவமைத்து அடுத்த வருடம் விற்பனைக்கு வந்த டைமர் ஐசி, பொம்மை சைரனிலிருந்து விளக்கு மினுக்குவதுவரை எல்லாவற்றிலும் இருக்கிறது, கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். நோட்டீஸில் ‘30,000 அதிர்வு’ என்று போட்டிருந்தது. அண்ணன் பேட்டரி மாட்டி தன்னுடைய பழைய ஆஸிலாஸ்கோப்பில், அதாவது அதிர்வைத் திரையில் காட்டுகிற கருவியில், ஓட்டிக் காட்டியபோது நொடிக்கு முப்பத்து நாலாயிரம் சொச்சம் வந்தது. ‘கிருமிக்கு நாலாயிரம் போனஸ்’ என்றார். எல்லாச் சாமானையும் கூட்டினால் குழாயோடு சேர்த்து 200 ரூபாய் தாண்டாது என்பது அவர் கணக்கு.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். இந்தப் பெட்டியின் மூலம் கனடாவில் பிறந்த ஹல்டா கிளார்க் என்ற அம்மையார். எல்லா நோய்க்கும் ஒட்டுண்ணியும் நச்சுப்பொருளும்தான் காரணம், ஒட்டுண்ணியை மின்சாரம் கொன்றுவிடும் என்று சொல்லி, மெக்சிகோவில் கிளினிக் நடத்தியவர். 7, 20, 7 கணக்கெல்லாம் அவருடையதுதான். இதை விற்ற நிறுவனத்தின் மேல் 2003-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குப் போட்டது. புற்றுநோய்க்கும் இதே வழியைச் சொன்ன அந்த அம்மையார் 2009-ல் இறந்தது மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில். நம்மூரிலும் 1954-லிருந்தே சட்டம் இருக்கிறது, சர்க்கரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாத நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் அந்த நோட்டீஸைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள்.

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனிடம் இந்த மாதிரிப் பெட்டி நிறைய வருகிறது. அலமாரியில் ஒரு வரிசையே இருக்கிறது. கால் வழியாக விஷம் இறக்குகிற தொட்டி ஒன்று, ‘தண்ணி கலர் மாறல’ என்று ரிப்பேருக்கு வந்தது. எலக்ட்ரோடு தேய்ந்துபோனதுதான் காரணம். வேறு கம்பி மாட்டி, வாளியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, காலுக்குப் பதில் ஒரு முருங்கைக்காயை உள்ளே விட்டு ஓட்டிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் துருப்பிடித்த பழுப்பு நிறம். “முருங்கைக்காய்க்கு எம்புட்டு விஷம் பாருங்க.” இரும்பு கரைந்து துருவாகிறது, காலை வைத்தாலும் அதே நிறம், வைக்காவிட்டாலும் அதே நிறம்.

எல்லாவற்றுக்கும் இவர் கை வைப்பதில்லை. மூன்று 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு வெள்ளிக் கம்பியும் வைத்து ‘வெள்ளித் தண்ணி’ தயாரிக்கிற பெட்டி கட்டித் தரச்சொல்லி ஒருவர் நான் இருக்கும்போதே வந்தார். முடியாது என்று அனுப்பிவிட்டார். அதைத் தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் படிந்து ஆள் நீலம் பாரித்துப்போகலாம், அது பெரும்பாலும் திரும்ப மாறாது. அதே சமயம் பிசியோதெரபி செய்கிறவர்கள் கொண்டுவருகிற, தோல் வழியாக மெல்லிய மின்சாரம் கொடுக்கிற டென்ஸ் மெஷினை ஒழுங்காகப் பார்த்துக் கொடுக்கிறார். அது உண்மையான கருவி, வலியைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டுப்படுத்தலாம், எதையும் குணப்படுத்தாது, பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகாது. இதை அவரே வருகிறவர்களிடம் சொல்கிறார்.

ஆனால் அப்பாவுடையது மாதிரி பெட்டியை யாராவது வற்புறுத்தினால் பேட்டரி போட்டுச் சரிசெய்து கொடுத்து 150 ரூபாய் வாங்கிக்கொள்கிறார். எனக்கு இது உறுத்தியது, கேட்டேவிட்டேன். “நான் திருப்பி அனுப்புனா அடுத்தவன் கொசு பேட்டை மாட்டுவான் தம்பி” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

நான் இன்னொன்று கேட்டேன். விளக்கு மட்டும் எரியட்டும், குழாய்க்கு எதுவும் போகாதபடி ஒயரை உள்ளே வெட்டிவிடுங்கள், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். முகம் மாறிவிட்டது. “பெரியவரை ஏமாத்தி ஒருத்தன் ஏற்கெனவே காசு வாங்கிட்டான். நானும் வாங்கணுமா? அவரைக் கூட்டிட்டு வாங்க.”

கூட்டிப்போனேன். அண்ணன் அவருக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, என்னிடம் சொன்ன எதையும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து முன்னால் வைத்து டெஸ்டரை அப்பா கையில் கொடுத்தார். முப்பது வருஷம் மெஷினோடு இருந்த மனிதர், குழாயில் டெஸ்டர் எரிந்ததைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். ஐசியைக் காட்டி “இது எம்புட்டு தம்பி?” என்றார். பத்து ரூபாய். “இந்தக் குழாய் செம்புதானா?” செம்புதான் ஐயா. அப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை. திருப்பரங்குன்றம் வந்ததும் வண்டியை விட்டு இறங்காமலே, சர்க்கரை மாத்திரையை இரண்டு மாதமாகப் பாதிதான் போடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

குறை சொல்லாமல் விமர்சனம் எழுதக் கூடாது. அண்ணன் புதன் என்றால் அடுத்த செவ்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்க மாட்டார். பில் கிடையாது, ரொக்கம்தான். சந்தில் பைக் நிறுத்த இடமில்லை, சிம்மக்கல்லிலேயே விட்டு நடந்துவிடுங்கள். மதியம் ஒன்றரை முதல் நாலுவரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், எழுப்பினால் கோபம் வரும். எங்கள் பெட்டி திரும்பி வந்தபோது நாலு திருகில் மூன்றுதான் இருந்தது. டெஸ்டர் காட்டியதற்கும் அரை நாள் பாடத்துக்கும் காசு வாங்கவில்லை, கொசு பேட் போர்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார், இன்னொருவருக்குக் காட்டுவதற்காம்.

போன வாரம் அப்பா எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிப்போய் மிக்ஸியை அங்கே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். புதன்கிழமை தருவதாகச் சொன்னாராம்.