பார்லிச் சக்கையா, பட்டிச் சாணியா?

2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாளிலிருந்து இந்தக் கணக்கு என் மண்டைக்குள் ஓடுகிறது. பியர் ஆலைக் கழிவில் அடுப்பெரிக்கும் உயிர்வாயு எடுக்கிறார்கள் என்று வாசித்தால் போதும், எங்கள் பட்டிச் சாணியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

எடைக்கு எடை, பியர் வடித்தபின் மிஞ்சும் பார்லிச் சக்கைதான் வெல்லும். 100 லீற்றர் பியருக்கு ஏறக்குறைய 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். ஒரு கிலோ சாணி 40 லீற்றர் வாயு தந்தால், சக்கை அதன் இரண்டு மடங்குக்கு மேல் தரும். மாடு சத்தெடுத்த மிச்சம்தானே சாணி! ஆனால் சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர். வன்னி வெயிலில் இரண்டு மூன்று நாளில் நாறிவிடும். பியர் ஆலை இருக்கும் பியகமவிலிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் தண்ணீரை லொறியில் ஏற்றுவதா? அப்படியே வந்தாலும் என் வாயுத் தொட்டியில் கொட்டமாட்டேன், மாட்டுக்குத்தான் வைப்பேன். காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம்.

ஆலையின் கழிவுநீர் வேறு கதை. அதை எந்த மாடும் குடிக்காது, குளத்தில் விட்டால் மீன் செத்துவிடும். நெதர்லாந்தில் 1970களில் உருவான, அடியிலிருந்து நீர் மேலேறும் தொட்டிகளில் அதிலுள்ள கழிவு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வாயுவாகிவிடும். சாணித் தொட்டிக்கு 40, 50 நாள் வேண்டும். ஆலைக்காரருக்கு லாபம் இதில்தான்.

எங்கள் பக்கம் அதற்கு ஈடு, விற்காமல் புளித்த பனங்கள். ஒருமுறை ஆசையில் இரண்டு வாளி ஊற்றினேன். ஒரு கிழமை அடுப்பு எரியவில்லை. புளிப்பு கூடினால் மீதேன் தரும் நுண்ணுயிர்கள் வேலையை விட்டுவிடும். சாணிக்கு அந்த வில்லங்கம் இல்லை, தனக்கு வேண்டிய நுண்ணுயிரையும் அதுவே கொண்டுவருகிறது.

சாணியின் குறை வேறிடத்தில். 25 கிலோ இருந்தால் நாளுக்கு ஒரு கன மீற்றர் வாயு, அதாவது மாதம் ஏறக்குறைய ஒரு 12.5 கிலோ சிலிண்டர். கட்டி வளர்த்தால் மூன்று மாடு போதும். பட்டி மாடோ பகலெல்லாம் மேய்ச்சல் தரவையில் நிற்கும், வயலெல்லாம் நெல் நிற்கும் காலபோகத்தில் இன்னும் தூரம் போய்விடும். இரவுச் சாணிதான் கையில் கிடைக்கும், ஆறு மாடாவது வேண்டும். வயலுக்கு எருவும் வேண்டுமே என்பவர்கள் பயப்பட வேண்டாம், தொட்டியிலிருந்து வெளியேறும் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கும்.

ஆகவே என் தொட்டிக்குச் சாணிதான் சோறு, கள் ஊறுகாய். சுவாலை மங்கினால் ஊறுகாயை நிறுத்திவிடுவேன்.